புளியங்கட்டைக் காளான்

எனக்குக் கோபம் வருகிறது. இதை எழுத உட்காரும்போதே வருகிறது. பேனாவை அழுத்தி அழுத்தி நிப்பு வளைந்துவிட்டது. அதையும் என் மனைவி சுப்புத்தாய் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாள்.

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடையும் கம்பளியும் விற்கிறவன் நான். ஏலத்தோட்டத்துக்கு மேலேறுகிற ஆட்களில் பாதிப் பேர் என் குடையைப் பிடித்துக்கொண்டுதான் போடிமெட்டு மழையில் நனையாமல் போகிறார்கள். ஊருக்கெல்லாம் குடை கொடுத்த நான் என் வீட்டுக்குள்ளேயே நனைந்துபோனேன். எப்படி என்று சொல்கிறேன். பெண்டாட்டிக்குத் தம்பி உள்ளவர்கள் கவனமாகக் கேட்கவும்.

என் மைத்துனன் மொக்கராசுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊர் ராசிங்காபுரம். அவனுக்கு ஒரே அக்கா. அந்த ஒரே அக்காவுக்கு ஒரே புருஷன், அடியேன். எனக்கு எப்படி அழைப்பு வர வேண்டும்? பெரிய மனிதர்கள் கூட வர வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வர வேண்டும். "எதுக்கு இதெல்லாம்?" என்று நான் சொல்ல வேண்டும். "அதெப்படி, நீங்க இல்லாமலா?" என்று அவர்கள் சொல்ல வேண்டும். பிறகுதான் நான் தாம்பாளத்தைத் தொட வேண்டும். அதுதான் முறை.

மொக்கராசு மாட்டுவண்டியில் வந்தான். என் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. இறங்குவான் என்று நான் எழுந்து நின்றேன். துண்டைக்கூடச் சரிசெய்துகொண்டேன். அவன் இறங்கவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடியே குனிந்து, "மச்சான், ஆவணிக் கடைசி முகூர்த்தம். வந்துருங்க!" என்றான். வண்டி போய்விட்டது.

நான் எழுந்து நின்றதுதான் மிச்சம். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்தார்கள். குடை வாங்க வந்த ஆளும் பார்த்தான். பார்த்துவிட்டுக் குடை வாங்காமல் போய்விட்டான். மரியாதை இல்லாதவன் குடை மழைக்கு நிற்காது என்று நினைத்திருப்பான்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"ஏ சுப்பு! உன் தம்பி என்ன நெனச்சிக்கிட்டிருக்கான்?"

"என்னங்க ஆச்சு?"

"வண்டியை விட்டு எறங்காம அழைக்கிறான்! உப்பு விக்க வர்றவன்கூட எறங்கி நின்னுதான் பேசுறான்!"

"மாடு மெரண்டிருக்குங்க. புது மாடு."

"மாடு மெரளல. நாந்தான் மெரண்டு போய் நிக்கிறேன்!"

"திரும்ப வந்து மொறையா அழைக்கச் சொல்லவா?"

"வேணாம்! கேட்டு வாங்குறதுக்குப் பேரு மரியாதையா? இந்தா பாரு, அந்தக் கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன். நீயும் போகக் கூடாது. நம்ம வீட்டுலருந்து ஒரு சோலி அங்க நடக்கக் கூடாது. விறகுல தெறிக்குது பாரு சிராய், அந்தச் சிராய் ஒண்ணை அந்தக் கல்யாணத்துக்காக இந்தக் கையால எடுத்துப் போட்டேன்னா என் பேரு வேலுச்சாமி இல்ல!"

சுப்புத்தாய் மெதுவாக, "மூணாவது முடிச்சு நாத்திதானங்க போடணும். அவனுக்கு நான் ஒருத்திதான இருக்கேன்" என்றாள்.

"எவளாச்சும் போடட்டும்!"

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஊதுகுழலை எடுத்து ஊதினாள். கண் சிவந்திருந்தது. புகையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

"சரிங்க" என்றாள் கடைசியில்.

அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து அவள் என்னிடம் மறுபேச்சில்லாமல் 'சரிங்க' சொன்னதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் பனைமர உயரத்துக்கு நிமிர்ந்து நின்றேன்.

ஆடி பிறந்தது. போடியில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரனிடம் சொன்னால் புளுகு என்பான். என் கடையில் தொங்குகிற குடைகள் தாமாகவே விரிந்துகொள்ளும். ஒருமுறை ஒரு குடை கிளம்பி நாலு ஊர் தாண்டித் தேவாரம் வரைக்கும் போய்விட்டது. அந்தக் காற்றில், மலையடிவாரத்தில் என் துண்டு நிலத்தில் நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்தது. கிளையை வெட்டி, அடிமரத்தைப் பெரிய துண்டங்களாக்கி, வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து போடச் சொன்னேன். பாதிக் கொல்லை அடைத்துக்கொண்டது.

சுப்புத்தாய் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல வைரம் பாஞ்ச கட்டைங்க. கல்யாணச் சமையலுக்குப் புளியங்கட்டை மாதிரி வராது. நின்னு எரியும். தம்பி விறகுக்கு எங்க அலையுறானோ..."

"தொடாத!"

"இல்லங்க, சும்மா கெடக்குதேன்னு..."

"மக்கி மண்ணாப் போனாலும் போகட்டும். என் புளியமரம் உன் தம்பி அடுப்புல எரியாது!"

"மக்கத்தான் போகுது. ஒங்களுக்கு வேற எதுக்கு ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. வேறு எதற்கு ஆகும்? குடைக்குக் கம்பாகுமா? ஆகாது. யோசித்துக்கொண்டே மறுநாள் இப்ராஹிம் ராவுத்தர் டீக்கடைக்குப் போனேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். யுத்தத்துக்கு முன்னால் மலாயாவில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்குள் முறை வைத்துத்தான் பேச்சு. நான் அவருக்கு மாப்ளே, அவர் எனக்கு மாமா.

"என்ன மாப்ளே, மொகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"புளியமரம் விழுந்துருச்சு மாமா. என்ன செய்றதுன்னு தெரியல."

"விறகாக்கு."

"அதைத்தான் செய்ய மாட்டேன்."

"அப்ப காளான் வளர்த்துரு."

டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். காளான் என்றால் எனக்கு உயிர். மலையில் இடி இடித்த மறுநாள் மலைக்காரப் பெண்கள் இலையில் பொதிந்து காளான் கொண்டுவருவார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு ஓடுவதற்குள் காலியாகிவிடும். மழைக்காலத்தில்தான் எனக்கு வியாபாரம். மழைக்காலத்தில்தான் காளானும் வரும். இது எனக்கென்றே ஏற்பட்ட சாபம். தெரு முழுக்கக் காளான் குழம்பு மணக்கும். என் இலையில் கத்திரிக்காய் கிடக்கும்.

"கட்டையில எப்படி மாமா காளான் வரும்?"

"மலாயாவுல சீனாக்காரன் பண்றான், என் கண்ணால பாத்தேன். கட்டையை மொழ நீளத்துக்கு அறுக்கணும். கோடாலியால அங்கங்க கொத்தி வெக்கணும். நெழல்ல அடுக்கி ஈரச் சாக்கைப் போத்தணும். அப்பறம் சம்மட்டியால நல்லா அடிக்கணும்."

"அடிக்கணுமா? எதுக்கு?"

"இடி இடிச்சாத்தான காளான் மொளைக்கும்? நம்ம கொல்லைக்குன்னு தனியா இடி வருமா? நாமதான் இடிக்கணும். கட்டை அதை நெச இடின்னு நம்பிரும்."

"கட்டை ஏமாறுமா மாமா?"

"கட்டைதான மாப்ளே" என்றார், என்னைப் பார்த்து. "அதுக்கு என்ன தெரியும்?"

"ஈரத்துல ஊறின கட்டை அப்பறம் எரியுமா?"

"எங்க எரியும்? புகைதான் வரும்."

முடிவு செய்துவிட்டேன். எனக்குக் காளான். மொக்கராசுவுக்குப் புகை. வீட்டுக்குப் போகும்போது தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் சுப்புத்தாய் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! கல்யாண விறகை ஊறப் போடவா போறீக?"

"கல்யாண விறகுன்னு சொல்லாத! காளான் கட்டைன்னு சொல்லு!"

"காளானுக்கு மெத்துன்னு மரம் வேணும்னா வேலியோரம் கல்யாண முருங்கை நிக்குதேங்க. அதை வெட்டுங்க. புளியை விட்டுருங்க."

"கல்யாணங்கிற பேரே இந்த வீட்டுல கேக்கக் கூடாது. முருங்கைக்கும் அந்தப் பேரு கூடாது! புளிதான்!"

"அப்ப அறுக்க ஆள் விடுங்க. ஒங்க ஒடம்புக்கு இது ஆகாது. மொக்கராசுன்னா ஒத்தைப் பொழுதுல அறுத்துத் தள்ளிருவான்."

ஆள் விடுவதா? அவன் பெயரைச் சொன்ன பிறகா? ரம்பத்தை நானே எடுத்தேன். ரெண்டு பக்கமும் ஆள் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பம். மறுமுனையைப் பிடிக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடித்தாள். நான் இழுத்தால் அவள் விட்டுக்கொடுப்பாள். எங்கள் குடித்தனத்தில் அவள் எனக்கு விட்டுக்கொடுத்தது அந்த ரம்பத்தில் மட்டும்தான்.

அடிமரம் முழுவதையும் முழத் துண்டாக்கினோம். கோடாலியால் கொத்தி வெட்டு விழவைத்தேன். வேப்பமரத்து நிழலில் அடுக்கினேன். கம்பளி கட்டி வந்த பழைய சாக்குகளைப் போர்த்தி, "நான் கடைக்குப் போனதும் தெனமும் தண்ணி ஊத்தணும். மறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டேன்.

"ஊத்துறேங்க" என்றாள்.

ஊற்றினாள். சாயங்காலம் வந்து தொட்டுப் பார்ப்பேன். சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். என்ன இருந்தாலும் சொன்னதைச் செய்கிறாளே என்று ஒரு திருப்தி.

காலையில் சாக்கை விலக்கி நான் இடி இடிப்பேன். அங்கேதான் தொல்லை. நான் சம்மட்டியை ஓங்குகிற நேரம் பார்த்து அவள் கொல்லைக்கு வருவாள். முறத்தில் அரிசி வைத்துப் புடைத்துக்கொண்டே பேசுவாள்.

"தம்பி பொண்ணுக்குப் பட்டு எடுத்துட்டானாம்."

டொம்!

"அரக்குக் கலராம்."

டொம்!

"மச்சானுக்கும் ஒரு வேட்டி எடுக்கணும்னு சொன்னானாம்."

நான் சம்மட்டியைத் தூக்கியபடியே நின்றேன்.

"எடுத்தானா?"

"கடையை விட்டு வெளிய வந்தப்பறந்தான் ஞாபகம் வந்துச்சாம்."

டொம்! டொம்! டொம்!

கட்டை ரெண்டாகப் பிளந்துவிட்டது. வைரம் பாய்ந்த புளியங்கட்டை! கோடாலி வெட்டு ஏற்கெனவே விழுந்திருந்ததால் வாய் பிளந்துகொண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. காளான் போச்சே! மதிலுக்கு மேலே இப்ராஹிம் மாமாவின் தலை தெரிந்தது.

"பிளந்துருச்சா மாப்ளே? நல்லதாப் போச்சு. புளி கெட்டி மரம். உள்ள ஈரம் ஏறாது. நாலாப் பிளந்து வெச்சாத்தான் தோது."

"சீனாக்காரன் பிளப்பானா மாமா?"

"சீனாக்காரனுக்குப் புளியமரத்துக்கு எங்க போறது?"

நியாயமாகத்தான் பட்டது. கோடாலியை எடுத்தேன். சுப்புத்தாய் முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பிளக்காதீக! பிளந்தா விறகு மாதிரி ஆயிரும்!"

"விறகு மாதிரி இருந்தா விறகாயிருமா? நான்தான் ஈரமா வெச்சிருக்கேன்ல? தள்ளு அந்தாண்டை!"

பிளந்தேன். காலையில் பிளந்துவிட்டுக் கடைக்குப் போவேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. குடையை விரித்துக் காட்டச் சொன்னால் வலியில் மூடிக்காட்டினேன். இரவு சாப்பாடானதும் சுப்புத்தாய் என் கையைப் பிடித்து விளக்கெண்ணெய் தடவுவாள். அவ்வளவு அக்கறையாகத் தடவுவாள். அந்தக் கை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. அடுக்கு இருந்த இடத்தில் இல்லை. நிழலில் வைத்தது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெயிலுக்கு வந்திருந்தது.

"ஏன் இது இங்க கெடக்கு?"

"எளவெயில் படணும்னு இப்ராஹிம் அண்ணன் சொன்னாக."

"என்கிட்டச் சொல்லலையே."

"நீங்கதான் கோவத்துல இருந்தீகளே. கோவத்துல இருக்குறப்ப யாரு ஒங்ககிட்ட வந்து பேசுவா?"

நான் எப்போதுமே கோபத்தில்தான் இருந்தேன். அதனால் மேலே கேட்கவில்லை.

ஆவணி வந்துவிட்டது. காளான் வரவில்லை. அடித்த அடிக்கு அந்தக் கட்டையில் ஒரு பாசியாவது வந்திருக்க வேண்டாமா? எனக்குப் பொறுமை போய்விட்டது. பாதிக் கட்டை இன்னும் பிளக்காமல் கிடந்தது. சம்மட்டியைத் தூக்கி எறிந்தேன்.

"போதும்! சீனாக்காரனும் வேணாம், காளானும் வேணாம். அத்தனையையும் கொண்டுபோய்த் தேவாரத்துக் காட்டு ஆனைக்குப் போடப்போறேன்!"

"அதான் சரிங்க" என்றாள் சுப்புத்தாய். "விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தாள். மலைப்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கொல்லையிலிருந்து ஒரு கூச்சல். "ஏங்க! வெரசா வாங்க! வந்து பாருங்களேன்!"

ஓடினேன். பிளக்காத ஒரு கட்டையின் வெட்டுவாயில், வெள்ளை வெளேரென்று, ஒரு காளான்! பக்கத்தில் இன்னொன்று! அதற்கடுத்த கட்டையில் குடை விரியாத மொக்கு ஒன்று! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்ராஹிம் மாமா குனிந்து பார்த்து, "மலாயாவுலகூட இவ்வளவு பெருசு இல்ல மாப்ளே" என்றார். அவர் வீட்டு அமீருன்னிசா அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஆச்சரியத்தில் மூடிக்கொண்டார் என்று நினைத்தேன்.

பறிக்கும்போது ஒன்று கவனித்தேன்.

"சுப்பு, காளான் அடியில செம்மண்ணு ஒட்டியிருக்கே? கட்டையில ஏது மண்ணு?"

"ஆடிக் காத்துல மலையிலருந்து பறந்து வந்திருக்கும்ங்க."

"இது ஆவணியாச்சே?"

"ஆடியில வந்த மண்ணு ஆவணியில போயிருமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்குக் காளான் குழம்பு. நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்தால் நீங்கள் என்னை வீட்டுக்குக் கூப்பிட மாட்டீர்கள். இந்தக் கதையில் நான் கோபப்படாத ஒரே நாள் அதுதான். சாப்பிட்ட கையோடு கோடாலியை எடுத்து, மிச்சக் கட்டையையும் ஒன்று விடாமல் பிளந்து தள்ளினேன். பிளக்காத கட்டையிலேயே இவ்வளவு காளான் என்றால் பிளந்தால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன். மலைக்காரப் பெண்கள் இனி என் வீட்டில் வந்து காளான் வாங்கிக்கொண்டு மலையேறுவார்கள் என்று நினைத்தேன்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் கடையிலிருந்து திரும்பினேன். வீடு சாத்தியிருந்தது. கொல்லைக்கு ஓடினேன். கொல்லை துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஒரு கட்டை இல்லை. சாக்குகள் மட்டும் காய்ந்து, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"கட்டை எங்க?" என்று கத்தினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமீருன்னிசா அம்மாள்தான் பதில் சொன்னார். "வண்டியில ஏத்திக்கிட்டு ராசிங்காபுரம் போயிட்டாக."

"சுப்புத்தாய்?"

"அதும் மேலதான் ஒக்காந்து போச்சு. ஒங்க வேட்டி கொடியில கெடக்காம். சொல்லச் சொல்லுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே ஒரு புளியமரம் நின்றிருந்தால் வெறுங்கையால் பிளந்திருப்பேன். நான் போகக் கூடாது என்று சொன்ன கல்யாணத்துக்கு, நான் தரமாட்டேன் என்று சொன்ன கட்டைமேல் உட்கார்ந்து போயிருக்கிறாள்! கடைசி பஸ் போய்விட்டது. விடிந்ததும் கிளம்பினேன். கட்டியிருந்த அழுக்கு வேட்டியோடு போய்ச் சண்டை போடத்தான் நினைத்தேன். வழியில் ஆட்கள் பார்ப்பார்களே என்று வேறு வேட்டி தேடினேன். மற்றதையெல்லாம் வெளுக்கப் போட்டிருந்தாள். கொடியில் கிடந்தது கரை வைத்த புது வேட்டி. அதைத்தான் கட்ட வேண்டியிருந்தது. சண்டைக்குப் போகிறவன் சம்பந்தி மாதிரி பஸ்சில் உட்கார்ந்து போனேன்.

ராசிங்காபுரத்தில் பந்தலுக்கு நான் போகவில்லை. புகை தெரிகிற பக்கம் போனேன். புகைகூட இல்லை. சீராக நின்று எரிந்துகொண்டிருந்தது என் புளியங்கட்டை. கோட்டை அடுப்பில் பெரிய அண்டா. சோறு கொதிக்கத் தொடங்கியிருந்தது. சமையல்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி விறகு நான் பாத்ததில்லப்பா. என்ன பதமாக் கிழிச்சிருக்கான், யாரோ புண்ணியவான்!"

"அது விறகில்லய்யா! காளான் கட்டை! ஈரக் கட்டை!" என்று நான் அலறினேன்.

"ஈரமா? இதுமேல தண்ணி பட்டு ஒரு மாசம் இருக்கும்."

அப்போதுதான் எனக்குச் சாக்கு ஞாபகம் வந்தது. நான் வருகிற நேரத்துக்குச் சாக்கை மட்டும் நனைத்துப் போட்டிருக்கிறாள். பகலெல்லாம் கட்டை ஆடிக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்திருக்கிறது. தலைக்கு மேல் ரத்தம் ஏறியது. குனிந்து, எரிகிற கட்டையில் ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்தேன். இன்னொன்றையும் இழுத்தேன். தீ அமர்ந்தது. கொதி நின்றது.

"அய்யய்யோ! சோறு அரைவேக்காடாப் போயிருமேய்யா! தாலி ஏறுறதுக்கு முந்தியே முதப் பந்திக்கு ஆள் ஒக்காந்தாச்சு!"

திரும்பிப் பார்த்தேன். பந்தியில் வரிசையாக இலை. இலைக்கு முன்னால் குழந்தைகள், கிழவர்கள், கர்ப்பிணி ஒருத்தி. அத்தனை கண்ணும் என்மேல். என் கோபத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? இழுத்த கட்டையை எடுத்து அடுப்பில் போட்டேன். இந்தக் கையாலேதான் போட்டேன்.

"அப்படியே அந்த வாயிலயும் ஒண்ணு தள்ளுங்க" என்றார் சமையல்காரர். தள்ளினேன்.

"மச்சான்! வந்துட்டீகளா!" என்று ஒரு குரல். மாப்பிள்ளைக் கோலத்தில் மொக்கராசு. கையில் காப்பு, நெற்றியில் சந்தனம். நொண்டி நொண்டி ஓடி வந்து என் காலில் விழுந்தான். "அன்னைக்குக் கால்ல கருவேல முள்ளு ஏறி வீங்கிக் கெடந்துச்சு மச்சான், இன்னும் முழுசா ஆறல. கீழ எறங்குனா திரும்ப வண்டியில ஏற முடியாது. வைத்தியருகிட்டப் போற வழி. மறுநாளே அக்காகிட்ட ஆள் விட்டுச் சொன்னேனே. மச்சான்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லச் சொன்னேனே. சொல்லலையா?"

சொல்லவில்லை. ஆடி முழுவதும் சொல்லவில்லை.

என்னைக் கையைப் பிடித்துப் பந்தலுக்கு இழுத்துப் போனார்கள். மேளம் கொட்டியது. மொக்கராசு தாலியை எடுத்தான். ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு. மூன்றாவது முடிச்சுக்குப் பெண்ணின் பின்னால் சுப்புத்தாய் நின்றாள். கயிற்றைப் பிடித்தபடி, போடாமல், கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண் சிவந்திருந்தது. அங்கே அடுப்பு இல்லை, புகையும் இல்லை. எனக்குக் கோபத்தில் தலை ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் அனுமதி என்று எடுத்துக்கொண்டு முடிச்சைப் போட்டுவிட்டாள்.

எல்லாம் முடிந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல? முள்ளு குத்துனதை?"

"சொல்லியிருந்தா ஒங்க கோவம் எறங்கியிருக்கும்."

"எறங்குனா என்ன?"

"எறங்கியிருந்தா புளியங்கட்டையை யாரு பிளக்குறது? நாலு வருசமா அடுப்புக்கு ரெண்டு கட்டை பிளந்து குடுங்கன்னு கேட்டேன். குடுத்தீகளா?"

"அந்தக் காளான்?"

"மலைக்காரம்மா கொண்டாந்தது. கட்டையில சொருகி வெச்சேன்."

"அடியில மண்ணு?"

"அவசரத்துல கழுவ மறந்துட்டேங்க."

முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த இப்ராஹிம் மாமாவைப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன். "மலாயா சீனாக்காரன்னு சொன்னீரே மாமா!"

"அல்லா அறிய அவன் பண்றான் மாப்ளே. ஆனா அவன் பொண்டாட்டிக்குத் தம்பி கெடையாது" என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அதற்குள் ஒலிபெருக்கி வைத்திருந்த ஆள் பாட்டை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தான்.

"கல்யாணத்துக்கு விறகு பூராவும் தன் கையால பிளந்து குடுத்தவரு பேரை மைக்குல சொல்லி நன்றி சொல்லணும்னு மாப்பிள்ளை சொல்றாரு. அய்யா, ஒங்க பேரு என்னங்க?"

நான் என் கையைப் பார்த்தேன். சுப்புத்தாய்தான் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப அடக்கமாகச் சொன்னாள்:

"வேலுச்சாமின்னுதான் இருந்துச்சுங்க. இப்ப என்னன்னு அவுகளையே கேட்டுக்கிடுங்க."